நூல் என்ற பெயருக்கு இரண்டு விண்ணப்பங்கள்

பதிப்பாளர் சங்கச் செயலாளரைச் சொந்தப் பெயரில் கூப்பிடுகிறவர்கள் வரி அலுவலகத்தில் மட்டும்தான் இருந்தார்கள். மற்ற எல்லோருக்கும் அவள் காற்புள்ளி. இருபத்தெட்டு வருஷம் அச்சகங்களில் மெய்ப்புத் திருத்திவிட்டுச் சங்கத்துக்கு வந்தவள். எதிரே இருப்பவர் மூச்சு விடாமல் பேசினால், எங்கே நிறுத்த வேண்டுமோ அந்த இடத்தில் ஆட்காட்டி விரலால் காற்றில் சின்னதாக ஒரு வளைவு போடுவாள். பேசுகிறவர் தன்னை அறியாமல் நின்றுவிடுவார். அந்த விரலுக்குப் பயந்தே சங்கக் கூட்டங்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. அவளைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். அவளுக்கும் நிறையப் பேரைப் பிடிக்காது. அந்த விஷயத்தில் இரு தரப்பும் குறை வைக்கவில்லை.

அந்த வருஷம் சங்கம் கையில் எடுத்த வேலை, யாரும் அதுவரை செய்து பார்த்திராத வேலை. இணைய முகவரியின் கடைசியில், புள்ளிக்குப் பின்னால் ஒரு சொல் வருகிறதல்லவா, அந்தச் சொல்லைப் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று, உலகத்தின் இணையப் பெயர்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அமைப்பு பல வருஷத்துக்குப் பிறகு மறுபடி கதவைத் திறந்திருந்தது. சங்கம் கேட்க நினைத்த சொல் நூல். கிடைத்துவிட்டால் எந்தப் பதிப்பகமும் எந்த நூலகமும் தன் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து நூல் என்று போட்டுக்கொள்ளலாம். யாருக்குத் தருவது, யாருக்கு மறுப்பது என்று சங்கமே முடிவு செய்யும். திருட்டுப் பிரதி விற்கிறவன் எவனும் அந்த வாசலை மிதிக்க முடியாது. அதுதான் காற்புள்ளிக்குப் பிடித்த பகுதி.

"காற்புள்ளி போய் புள்ளிக்கு மனுப் போடுது" என்று உறுப்பினர்கள் கிண்டல் செய்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. சங்கத்தின் பின்னறையில், பழைய கண்காட்சிப் பலகைகளுக்கு நடுவே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, நூற்றுச் சொச்சம் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். கணினிப் பக்கத்து விஷயங்களுக்கு ஓர் ஆலோசகரை அமர்த்தியிருந்தார்கள். முப்பது வயதுப் பெண். பேச்சில் நிறுத்தமே கிடையாது. காற்புள்ளியின் விரல் செல்லுபடியாகாத ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாவது வாரம் அவர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"மேடம், ஒரு கெட்ட செய்தி. இதே சொல்லை இன்னொருத்தரும் கேக்கப் போறாங்க. நூற்பாலைகள் சங்கம். ஆதரவுக் கடிதம் கேட்டு ஊரெல்லாம் அலையறாங்க."

"யாரு அலையறது?"

"அவங்க நிர்வாகி."

காற்புள்ளி பேனாவை மூடி வைத்தாள். நூற்பாலைகள் சங்கத்தின் நிர்வாகி அவளுடைய தம்பி.

"ரெண்டு பேர் கேட்டா என்ன ஆகும்?"

"இந்தச் சொல் எங்க சமூகத்தோடதுன்னு யாரு சரியா நிரூபிக்கிறாங்களோ அவங்களுக்கு முன்னுரிமை. யாராலும் முடியலன்னா ஏலம். ஏலம்னா மில்காரங்க முன்னாடி நாம நிக்கவே முடியாது. அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. விண்ணப்பம் போட்ட பிறகு ரெண்டு தரப்பும் தங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கக் கூடாது. பேசினது தெரிஞ்சா ரெண்டும் காலி. அதனால பேசணும்னா இப்பவே பேசிடுங்க."

"பேசறதா? நாங்க பேசியே ஆறு வருஷம் ஆச்சு."

ஆலோசகர் தன் குறிப்பேட்டை மூடி வைத்தார்.

ஆறு வருஷத்துக்கு முன் அப்பா இறந்தபோது, செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்தவன் தம்பி. அப்பாவுக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்ற வரியில் அவன் பெயர் இருந்தது, அவன் மனைவி பெயர் இருந்தது, அவன் பிள்ளைகள் பெயர்கூட இருந்தது. மகள் என்று ஒருத்தி இருந்ததாகவே அதில் தெரியவில்லை. கேட்டதற்கு அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றான். அவள் நேரே அந்த அச்சகத்துக்குப் போனாள். அங்கே எல்லோரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மெய்ப்பை எடுத்துக் காட்டினார்கள். அவள் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. வரி நீண்டுபோனால் இடம் போதாது என்று ஓரத்தில் குறிப்பு வேறு. அன்றோடு சரி.

ஆதரவுக் கடிதங்களுக்காக அவளும் அலைய ஆரம்பித்தாள். நூலகர்கள் கொடுத்தார்கள், ஆசிரியர்கள் கொடுத்தார்கள். ஆனால் எல்லாரையும்விட முக்கியமான கடிதம் பைண்டிங் தொழிலாளர் சங்கத்துடையது என்று ஆலோசகர் அடித்துச் சொன்னார். தைக்கிற நூலும் படிக்கிற நூலும் ஒன்றாகச் சேருகிற இடம் அதுதான். அவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ, சொல்லும் அந்தப் பக்கம் சாயும்.

அந்தச் சங்கத்துக்குத் தலைவர், கார் பழுது பார்க்கும் இடத்துக்கு மேல்மாடியில் பட்டறை வைத்திருந்த பெரியவர். முழங்கை வரைக்கும் எப்போதும் பசை காய்ந்திருக்கும், அதனால் பசையண்ணன். காற்புள்ளி இரும்புப் படியேறி உள்ளே போனபோது, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பதினாறு பக்கமாக மடித்த ஃபாரத் தாள்களை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஸ்டூலில், கால்மேல் கால் போட்டபடி தம்பி உட்கார்ந்திருந்தான். கையில் தேநீர்.

"வாங்க செயலாளரம்மா" என்றான். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அக்கா என்று வாய் தவறிக்கூட வரவில்லை.

அவள் அவனைப் பார்க்காமல் பெரியவரிடம் சொன்னாள். "அண்ணே, இவர் கிளம்பட்டும். நான் கீழ நிக்கறேன்."

"எதுக்கு? ரெண்டு பேரும் கேக்கறது ஒரே கடுதாசி. ஒண்ணா உக்காந்தா எனக்கு ஒரு தடவை சொன்னாப் போதும்."

தம்பி ஸ்டூலை முன்னால் நகர்த்தினான். "தெருவுல பத்துப் பேரை நிறுத்தி நூல்னா என்னன்னு கேளுங்கண்ணே. எட்டுப் பேர் சட்டைப் பொத்தானைத்தான் காட்டுவான்."

"மிச்சம் ரெண்டு பேருக்குப் படிக்கத் தெரியும்" என்றாள் காற்புள்ளி.

தைத்துக்கொண்டிருந்த பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தம்பியின் காது சிவந்தது.

"உங்களுக்குத்தான் புத்தகம்னு ஒரு வார்த்தை இருக்கே. அதைக் கேட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"உனக்கு இழை இருக்கு, பஞ்சு இருக்கு, நூக்கற கதிர் இருக்கு. அடுத்தவ தட்டுல இருக்கறதுதான் உனக்கு வேணும். சின்ன வயசுலேருந்து அதே புத்தி."

"இந்தா பாருங்க" என்று பசையண்ணன் இருவருக்கும் நடுவில் கையை நீட்டினார். "ஒரே வயித்துல பொறந்துட்டு வீட்டுல முடிக்க வேண்டியதை என் பட்டறையில வந்து முடிக்கறீங்க. எனக்கு வேலை கெடக்கு. எங்க ஆளுங்ககிட்ட நேத்தே பேசிட்டேன். நூல் கிடைக்கலேன்னா நாங்க பசையைப் போட்டு ஒட்டிப்போம். புத்தகமே இல்லேன்னா நாங்க எதை ஒட்டறது? கடுதாசி அம்மாவுக்குத்தான். தம்பி, தேநீரைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

தம்பி தேநீரைக் குடிக்கவில்லை. அப்படியே ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்தான். அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டு இறங்கியபோது படியடியில் நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு காரின் வயிற்றுக்கடியிலிருந்து யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம்.

"கடுதாசி வாங்கிட்டா ஆச்சா? பொறுப்பாளர்கள் பத்தி ஒரு பகுதி இருக்கு, பாத்தியா? அதை நிரப்பறதுக்கு முன்னாடி உன் பேரைத் தேடிப் பாரு. இணையப் பெயர்த் தகராறுல பழைய தீர்ப்பெல்லாம் போட்டு வச்சிருப்பாங்க, அங்க தேடு."

"என்னடா உளர்றே?"

"தேடேன். ஒரு எழுத்து விடாம படிக்கறவளாச்சே நீ."

சொல்லிவிட்டு, சட்டைக் கையை உதறிக்கொண்டு போனான்.

அவள் அன்று மதியமே ஆலோசகரிடம் சொன்னாள். அவர் ஏதோ விளையாட்டுக்குத் தேடுவதுபோலத் தட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"மேடம், நாலு இருக்கு."

"நாலு என்னது?"

"நாலு தீர்ப்பு. உங்க பேருக்கு எதிரா. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி. ஒரு சோப்புக் கம்பெனி, ஒரு பிஸ்கட் கம்பெனி, ஒரு பஸ் கம்பெனி, ஒரு மருந்துக் கம்பெனி. அவங்க பேரையெல்லாம் இணையத்துல முன்னாடியே பதிஞ்சு வச்சுக்கிட்டு, அவங்களுக்கே விக்கப் பாத்ததா புகார். நாலுலயும் பறிச்சு அவங்களுக்கே கொடுத்துட்டாங்க."

திரையில் அவள் முழுப் பெயர் இருந்தது. கீழே, அப்போது அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முகவரி, கதவு எண் உட்பட. அந்தக் காலத்தில் அவளுக்கு மின்னஞ்சல்கூடக் கிடையாது.

யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அப்போது தம்பி பேருந்து நிலையத்துக்கு எதிரே இணைய மையம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தான். அவன் பெயரில் தொலைபேசி தர மறுக்கிறார்கள் என்று சொல்லி அவளிடம் கையெழுத்து வாங்கினான். அடையாளச் சீட்டின் நகல் வாங்கினான். அக்கா, நீ தெய்வம் என்றான். அந்த நகல் எங்கெல்லாம் போயிற்று என்று அவள் கேட்டதே இல்லை.

"இதனால விண்ணப்பத்தைத் தள்ளிடுவாங்களா?" என்றாள்.

"இவ்வளவு பழசுக்குத் தள்ள மாட்டாங்கன்னு நினைக்கறேன். பொறுப்பாளருக்குப் பழைய தீர்ப்புகள்ல தொடர்பு உண்டான்னு ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு ஆமாம்னு எழுதி, என்ன நடந்ததுன்னு விளக்கம் கொடுக்கணும். இல்லைன்னு எழுதிட்டு மாட்டினாத்தான் அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, உங்க தம்பிதான் செஞ்சாருன்னு எழுதினா, ஆதாரம் வேணும். வெறும் வாய்ப்பேச்சுன்னா உங்க மேலேயே வழக்குப் போடுவாரு."

"போடுவான்" என்றாள் காற்புள்ளி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு தீர்ப்பையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். நாற்பத்தொரு பக்கம். கணவர் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் கண்ணயர்ந்திருந்தார். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காற்புள்ளி சிவப்புப் பேனாவோடு முதல் வரியிலிருந்து தொடங்கினாள். சட்ட மொழியை எழுத்து எழுத்தாகத்தான் படிக்க முடிந்தது. அது அவளுக்குப் பழக்கமான வேகம். முதல் இரண்டு வழக்கிலும் எதிர்த்தரப்பு பதிலே அனுப்பவில்லை என்று இருந்தது. மூன்றாவதில் பதில் வந்திருந்தது. பஸ் கம்பெனி வழக்கு. பதிலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்: கீழே கையெழுத்திட்டிருக்கும் நான், என் அலுவலகத்தில் இருந்தபடி, என் கையால் எழுதி அனுப்புவது. தொலைநகல் கிளம்பிய எண். தேதி. காலை பதினொன்று பத்து.

எண், தம்பியின் இணைய மையத்துக்கு அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்த இணைப்பு. தேதியை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தவள் பிறந்த தேதி அது.

எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்து மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்தாள். அறுவைச் சிகிச்சை, குழந்தை பிறந்த நேரம் பதினொன்று நாலு. மகள் உலகத்துக்கு வந்து ஆறு நிமிஷம். அம்மாவுக்கு இன்னும் தையல் போட்டு முடிக்கவில்லை. அதற்குள் அவளே பேருந்து நிலையத்துக்கு எதிரே உட்கார்ந்து தன் கையால் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறாள். அன்று சாயங்காலம் தம்பி வந்தது நினைவுக்கு வந்தது. கடையில் வேலை அதிகம், அதான் லேட் என்றான். குழந்தையை வாங்கி மூக்கைப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டு மூக்கு என்று சிரித்தான்.

"அம்மா, என்ன ஆச்சு?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. உன் மாமா உன் பிறந்தநாளுக்குக் கொடுத்த பரிசு இப்பத்தான் கைக்கு வந்தது."

மறுநாள் அவன் அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிச் சுவர் வைத்த அறை. பின்னால் அலமாரி முழுக்க நூல் கண்டுகள், வெளுப்பிலிருந்து கறுப்பு வரை நிறவரிசையில். அவள் நகல்களை மேசைமேல் வைத்தாள். அவன் நின்றபடியே படித்தான். படித்து முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"யாருகிட்ட காட்டினே?"

"இன்னும் யாருகிட்டயும் இல்ல."

"சின்ன வயசு. ஏதோ நாலு காசு பாக்கலாம்னு செஞ்சது. என் பேருல பதிய விடாம அதுக்கு முன்னாடியே அடைச்சு வச்சிருந்தாங்க. வேற யார் பேரைப் போடறது?"

"ஏன், உன் பொண்டாட்டி பேரைப் போட்டிருக்கலாமே."

"அப்ப எனக்குக் கல்யாணமே ஆகல."

"அதான். உனக்குன்னு ஒருத்தி வந்தப்புறம் அவ பேரைக் காப்பாத்தினே. அப்பா போனப்போ பேப்பர்ல போட்ட அறிவிப்புல என் பேருக்கு இடம் இல்ல. நான் இல்லாத இடத்துல எல்லாம் என் பேரு இருக்கு. எனக்குத் தெரியாம இன்னும் எங்கெங்கே என்னை எழுதி வச்சிருக்கே?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். குரலைத் தணித்துக்கொண்டான். "இப்ப என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். சொல்லிட்டுப் போக வந்தேன். அந்தக் கேள்விக்கு நான் ஆமாம்னு எழுதப் போறேன். யாரு செஞ்சது, எப்ப செஞ்சதுன்னு எழுதப் போறேன். உன் விண்ணப்பத்துலயும் அதே கேள்விதான். நீயும் ஆமாம்னு எழுதிடு. பழசுங்கறதால விட்டுடுவாங்களாம். கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"எங்க முதலாளிங்க பதினோரு பேர் படிக்கற காகிதத்துல, நான் அடுத்தவன் பேரைத் திருடி வித்தவன்னு எழுதித் தரணுமா?"

"என் பேருல வித்தவன்னு எழுதித் தரணும்."

அவன் நகல்களை ஒழுங்காக அடுக்கி அவளிடமே நீட்டினான். முகத்தில் பழைய இளிப்பு திரும்பி வந்திருந்தது. "நீ எழுத மாட்டே. குடும்பம் நாறும்னு உனக்குத் தெரியும். வாய்தான் உனக்கு. எப்பவுமே அப்படித்தான்."

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "இன்னும் பதினேழு நாள் இருக்கு. யோசி."

அவன் யோசித்த விதம் இரண்டு நாளில் தெரிந்தது. பதிப்பாளர் சங்கத் தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் இருப்பார். இந்தமுறை கடைசியாகப் பேசியது தம்பி.

"நூற்பாலை நிர்வாகி போன் பண்ணியிருந்தாரு" என்று தலைவர் கூரையைப் பார்த்தபடி தொடங்கினார். "நம்ம செயலாளர் மேல நாலு தீர்ப்பு இருக்காம். விண்ணப்பம் முடியற வரைக்கும் அவங்க கொஞ்சம் ஒதுங்கி இருந்தா சங்கத்துக்கும் நல்லது, அவங்களுக்கும் ஓய்வு."

"ஒதுங்கினா அந்தத் தீர்ப்புக் கேள்விக்கு நாம இல்லைன்னே எழுதிடலாம்ல?" என்றார் பாடநூல் பதிப்பாளர் ஒருவர், பளிச்சென்று.

"குடும்பத் தகராறுக்கெல்லாம் சங்கம் ஏன் நடுவுல நிக்கணும்?" என்றார் இன்னொருவர். "அக்காவும் தம்பியும் அடிச்சுக்கட்டும். நமக்குப் பெயர் கெடுது."

காற்புள்ளி விரலை வளைக்கவில்லை. எழுந்து, ஆளுக்கு ஒரு நகல் என்று மேசையைச் சுற்றி வைத்தாள். மூன்றாவது தீர்ப்பின் அந்த ஒரு பக்கம், மருத்துவமனைச் சீட்டு. பிறகு உட்கார்ந்தாள்.

"பதினொன்று நாலு, பதினொன்று பத்து" என்று பாடநூல்காரர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "அடப் பாவி."

"நான் ஒதுங்கினா, நான்தான் செஞ்சேன்னு ஆயிடும்" என்றாள். "அந்த நூத்துச் சொச்சம் பதிலும் நான் எழுதினது. யாருக்காவது நான் வேணாம்னா கையைத் தூக்குங்க. முகத்தைப் பாத்துக்கறேன்."

ஆறு கைகள் உயர்ந்தன. தலைவரின் கையும் அதில் ஒன்று. ஒன்பது கைகள் மேசையிலேயே இருந்தன. அவள் ஆறு முகத்தையும் பார்த்துக்கொண்டாள். மறுநாள் காலை, அதே தலைவரிடம் கையெழுத்துக்காகப் போய் நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் போட்டார். அவள் நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

விளக்கத்தை எழுதத்தான் நாள் பிடித்தது. முதலில் மூன்று பக்கம் வந்தது. அதில் என்னை நம்பவைத்துக் கழுத்தறுத்த என்று இருந்தது, அடித்தாள். கூடப்பிறந்தவள் என்றும் பாராமல் என்று இருந்தது, புலம்பல்போலத் தெரிந்தது, அதையும் அடித்தாள். கடைசியில் அரைப் பக்கம் நின்றது. என் தம்பி, இன்ன தேதிகளில், என் அனுமதி இல்லாமல், என் பெயரில் இவற்றைச் செய்தார். தொலைநகல் கிளம்பிய எண் அவர் நடத்திய கடையில் இருந்தது. அன்று நான் இருந்த இடத்துக்குச் சான்று இணைத்திருக்கிறேன். தம்பியின் முழுப் பெயரைத் தட்டச்சு செய்தபோது விரல் ஒருகணம் நின்றது. அந்தப் பெயரை அவனுக்கு வைக்கச் சொன்னவளே அவள்தான், ஏழு வயதில். பிறகு தட்டினாள்.

கதவு மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு விண்ணப்பம் போயிற்று. ஆலோசகர் திரையைப் பார்த்துக் கைதட்டினார். காற்புள்ளி பலகைகளை நகர்த்தி வைத்துவிட்டு அறையைப் பெருக்கினாள்.

பிறகு காத்திருப்பு. கேட்கப்பட்ட சொற்களின் பட்டியல் வெளிவந்த அன்று, நூல் இரண்டு தடவை இருந்தது. அவளுக்கு அது அதிர்ச்சியில்லை. நூற்பாலைகள் சங்கத்தின் பொறுப்பாளர் பட்டியலில் தம்பியின் பெயர் முதலாவதாக இருந்ததைப் பார்த்தபோதுதான் அந்த வரியை மறுபடி படித்தாள். ஆமாம் என்று எழுதியிருப்பான் என்று சொல்லிக்கொண்டாள். ஒன்றும் பேசக்கூடாத காலம் அது. அதனால் கேட்கவும் முடியவில்லை. கேட்க முடிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

ஐந்தாவது மாதம் இரு தரப்புக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவளிடம் மருத்துவமனைச் சீட்டின் சான்றொப்பமிட்ட நகலைக் கேட்டார்கள், அனுப்பினாள். அவனிடம் என்ன கேட்டார்கள் என்பது எட்டாவது மாதம்தான் தெரிந்தது. நூற்பாலைகள் சங்கத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பழைய தீர்ப்புகளில் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு அவன் இல்லை என்று குறித்திருந்தான். மறுபடி நேராகக் கேட்டபோதும் இல்லை என்றே எழுதியிருந்தான். பதினோரு முதலாளிகளும் அந்த வாரமே கூடி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். நூல் என்ற சொல் பதிப்பாளர் சங்கத்துக்கு வந்தது. சங்கத்தில் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். தலைவர் காற்புள்ளியின் உழைப்பைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். அவள் அவரை நிறுத்தாமல் விட்டது அன்று மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தாள். மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு தம்பி நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம். கையில் ஓர் உறை.

"அக்கா" என்றான்.

அவள் நிலைப்படியிலேயே நின்றாள்.

"ஜெயிச்சுட்டே. சந்தோஷமா?"

"அந்தக் கட்டத்துல இல்லைன்னு போட்டது என் கை இல்ல."

"சரி, இப்ப அதை விடு. இதுல ஒரு கையெழுத்துப் போடு. உனக்கு ஞாபகப் பிசகு, எழுதினது தப்புன்னு ஒரு வரி. அவ்வளவுதான். உனக்குச் சொல் கிடைச்சாச்சு, அது போகாது, நான் விசாரிச்சுட்டேன். எனக்கு வேலையாவது திரும்பக் கிடைக்கும்."

"என் பேருல இன்னொரு பொய்யா?"

"ஒரே ஒரு வரி அக்கா."

"ரெண்டாவது தடவை கேட்டாங்களே, அப்பவாவது ஆமாம்னு சொல்லியிருக்கலாமேடா. எங்கே போச்சு உன் மூளை?"

அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். "அப்ப சொன்னா, முதல்ல சொன்னது பொய்னு ஆயிடாதா?" உண்மையாகவே கேட்டான். அவள் எழுதமாட்டாள் என்று கடைசிவரை நம்பியிருக்கிறான் என்பது அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு உறைத்தது. அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்ததும் அவள்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள். ஒரு நிமிஷம் அவளுக்குக் கையை நீட்டத் தோன்றியது, உறையை வாங்க அல்ல, சும்மா. நீட்டவில்லை.

"நான் போட மாட்டேன். கிளம்பு."

"நீயெல்லாம் ஒரு அக்காவா?" குரல் மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. எதிர்வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்து மூடியது. "உன் பொண்ணு கேக்கட்டும், கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும் உன் லட்சணத்தை!"

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே மகள் தட்டில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து நின்றிருந்தாள்.

"மாமாவா?"

"ஆமா."

"உள்ள கூப்பிடலையா?"

"இல்ல."

மகள் பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் அங்கேயே இருந்தாள்.

"இன்னும் கீழ வாசல்ல நிக்கறாரும்மா. யாருக்கோ போன் பண்றாரு. எடுக்கல போல."

"நிக்கட்டும். நீ வந்து சாப்பிடு, ஆறிப் போச்சு."

மகள் வந்து உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. காற்புள்ளியும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டாள். பசித்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.